மாடியில் காத்திருந்தவர்கள்

சென்னியம்மாளுக்குத் தன் மகனிடம் ஒரு குறையும் தெரியவில்லை, அந்த வாசம் ஒன்றைத் தவிர. கோழிப்பண்ணை வைத்திருப்பவன் எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் பண்ணை அவன் கூடவே கிளம்பி வந்துவிடுகிறது என்பது அவள் முடிவு. அதனால் சங்ககிரி பைபாஸில் கார் நின்றதும், இறங்குவதற்கு முன்பே கதிர்வேலின் தோளருகே மூக்கைக் கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

“ஏம்மா, கல்லு வாங்கத்தான வந்திருக்கறோம்? கல்லுக்கு மூக்கு இருக்குதா?” என்றான் அவன்.

“நாலு பேரு வந்து போற எடம் சாமி. மேல் பட்டனைப் போடு.”

கதிர்வேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். முப்பத்து நான்கு வயது, சொந்தப் பண்ணை, குடிப்பழக்கம் இல்லை, கோபம் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தீவன மூட்டை அடுக்கப் போய்விடுகிற சுபாவம். ஆனால் பெண் கிடைக்கவில்லை. நாமக்கல் பக்கம் இது அப்படியொன்றும் அதிசயமில்லை. ஊருக்கு ஊர் முப்பதைத் தாண்டிய பையன்கள் பஸ் ஸ்டாப்பு நிழலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். படித்த பெண்கள் டவுனில் வேலை பார்ப்பவனைக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. காலையில் எழுந்து கோழி எச்ச நாற்றத்தில் பல் துலக்க யாருக்குத்தான் ஆசை இருக்கும்? ஆனால் வாயைத் திறந்து அப்படி யாரும் சொல்வதில்லை. எல்லோரும் “ஜாதகம் பொருந்தலீங்க” என்பார்கள். பொய் என்று தெரிந்தே அதைக் கேட்டுக்கொண்டு, தட்டில் வைத்த மிக்சரைத் தின்று, “சரிங்க, போயிட்டு வாரோமுங்க” என்று கும்பிட்டு, வாசலில் வந்து செருப்பைத் தேடுகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதைக் கதிர்வேல் தன் எதிரிக்கும் விரும்ப மாட்டான்.

கடைசியில் பழி குரு பகவான் தலையில் விழுந்தது. ஜோசியர் புஷ்பராகக் கல் மோதிரம் போடச் சொன்னார். கல்யாணத் தரகர் தனபால் கடையைச் சொன்னார். “சங்ககிரி பைபாஸ்ல அன்வர் பாட்சா கடைக்குப் போங்க. ஏமாத்து வேலை இருக்காது. வியாழக்கெழமை காலையில பத்தரைக்கு மேல போனீங்கன்னா நேரமும் நல்லா இருக்குது” என்றார். சென்னியம்மாள் அப்படியே கேட்டாள். மகனுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு, வழியில் திருச்செங்கோட்டில் சாமி கும்பிட்டு, கோயில் வாசலில் வாங்கிய மல்லிகைப் பூப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

கடைப் பலகையில் ஜெம்ஸ் என்பது பெரிதாகவும் மியூசியம் என்பது சிறிதாகவும் எழுதியிருந்தது. கீழே வியாபாரம். மாடியில் அன்வர் பாட்சா வாலிப வயதிலிருந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த கற்கள். சேலத்து வெள்ளைக்கல், காங்கேயத்து நிலாக்கல், சித்தம்பூண்டிக் காட்டில் பொறுக்கிய சிவப்புக் குருந்தக்கல் என்று எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, எது எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்று எழுதியும் வைத்திருந்தார். பார்ப்பதற்குக் காசு கிடையாது. மோதிரம் வாங்க வந்தவர்களை விட்டுவிட்டு, மாடி பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு நின்றுவிடுவார் என்று அவர் மேல் வீட்டில் குறை உண்டு.

பலகையில் எழுதாத இன்னோர் உபயோகமும் அந்த மாடிக்கு இருந்தது. பெண் பார்ப்பதை எடுத்ததும் வீட்டில் வைத்துக்கொண்டால், பிடிக்காமல் போகிறபோது தெருவே துக்கம் விசாரிக்கும். அதனால் முதலில் எங்காவது தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்கிறார்கள். கோயிலுக்குப் போனால் பாதி ஊர் அங்கே நிற்கிறது. ஜவுளிக் கடையில் அத்தை முறை, சித்தி முறை எல்லாம் சேலை புரட்டிக்கொண்டிருக்கிறது. பாட்சா மாடியிலோ ஏசி உண்டு, சோபா உண்டு, பேச்சு வராமல் திண்டாடினால் பார்ப்பதற்குக் கல் உண்டு. மாடியைக் கவனித்துக்கொள்ளும் பாட்சாவின் மகள் மெஹ்ரீன் இந்தக் கோஷ்டிகளை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவாள். புதுச்சட்டை, பையில் பூ, பின்னாலேயே பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓர் அம்மா. இதெல்லாம் கதிர்வேலுக்கு அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் தெரியவந்த சேதி. வாசல்படி ஏறும்போது தெரியாது.

மெஹ்ரீன் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“வாங்கம்மா. நாமக்கல்லுல இருந்துதானே வர்றீங்க? கோழிப்பண்ணை?”

சென்னியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று மகனைத் திரும்பிப் பார்த்தாள். கதிர்வேலும் தன்னையறியாமல் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனான்.

“மேல இருக்காங்க,” என்றாள் மெஹ்ரீன், குரலைத் தாழ்த்தி. “வந்து ரொம்ப நேரமாச்சு. உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க. போங்க, நான் டீ அனுப்பறேன்.”

கதிர்வேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அம்மாவுக்கு இது கைவந்த கலை. ஒருமுறை பல்வலி என்று முனகி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அங்கே ஒரு நர்ஸைக் காட்டினாள். இப்போது குரு பகவானையே கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். அவன் அம்மாவை முறைத்தான். அம்மா அவனை முறைக்கவில்லை, விழித்தாள். பிறகு தனபால் கிழமையும் நேரமும் குறித்துக் கொடுத்தது ஞாபகம் வந்து அவள் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. “பாத்தியா அந்த மனுசனை! நம்மகிட்டயே சொல்லாம ஏற்பாடு பண்ணீருக்கறான்,” என்று முணுமுணுத்தபடி, முழங்கால் வலியையும் மறந்து படியேறினாள்.

மாடி சோபாவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பெரியவள் பதறி எழுந்தாள். நெற்றியில் வெறும் விபூதி, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. “வாங்க வாங்க. வாங்க சாமி. வழியில ஒண்ணும் சிரமம் இல்லீங்களே?” என்றாள். பெயர் முத்தாயம்மாள், ராசிபுரத்துப் பக்கம். கூட இருந்தவள் மகள் சௌந்தர்யா. அரக்குச் சேலை கட்டியிருந்தாள். இப்படிப்பட்ட இடங்களில் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கதிர்வேல் கண்ட வழக்கம். அவள் நேராகப் பார்த்து, “வணக்கமுங்க” என்றாள்.

“போட்டோவுல தாடி வெச்சிருந்தீங்களே சாமி, எடுத்துட்டீங்களா?” என்று கேட்டாள் முத்தாயம்மாள்.

கதிர்வேல் போன தைப்பொங்கல் வரைக்கும் தாடிதான் வைத்திருந்தான். “ஆமாங்க, அம்மா எடுக்கச் சொன்னாங்க,” என்றான். தப்பு அங்கேயே வெட்ட வெளிச்சமாகியிருக்க வேண்டியது. அந்தத் தாடி அதைக் கெடுத்தது.

அம்மாக்கள் இருவரும் உட்கார்ந்து மழையில்லாததைப் பேசத் தொடங்கினார்கள். மெஹ்ரீன் வந்து, “நீங்க ரெண்டு பேரும் கல்லெல்லாம் பாருங்களேன்,” என்று பழகிய கையால் பெட்டிகளின் விளக்கைப் போட்டுவிட்டு நழுவினாள்.

கதிர்வேல் வெள்ளைக்கல்லைப் பார்த்தான். நிலாக்கல்லைப் பார்த்தான். மறுபடியும் வெள்ளைக்கல்லைப் பார்த்தான்.

“ஏனுங்க, உங்களுக்குக் கல்லைப் பத்தி ஏதாச்சும் தெரியுமுங்களா?” என்றாள் சௌந்தர்யா.

“கோழிக்குப் போடற சுண்ணாம்புக்கல்லு தெரியுமுங்க.”

“கோழி கல்லு திங்குமா?”

“பொடிச்சுத் தீவனத்துல கலந்து போடோணுமுங்க. இல்லீன்னா முட்டை ஓடு தோல் மாதிரி கொழகொழன்னு வந்துரும். சாயங்கால வேளையிலதான் நல்லாத் திங்கும். ராத்திரியிலதானுங்க ஓடு கட்டும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் எவனாவது முட்டை ஓடு கட்டுவதைப் பேசுவானா? ஆனால் அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. ராத்திரி பூராவும் பண்ணைக் கோழிகள் உட்கார்ந்து ஓடு கட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்து வந்த சிரிப்பு.

அவள் ராசிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவள். “காலையில இருந்து வர்றவங்களையெல்லாம் உக்கார வெச்சு, இப்பத் தெளிவா இருக்குதா, இப்பத் தெளிவா இருக்குதான்னு கேட்டுட்டே இருப்பேனுங்க. என்னையப் பாக்க வர்றவங்க மட்டும் என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. அம்மாகிட்டக் கேட்டுட்டுப் போயிருவாங்க. அதனால உங்க போட்டோவைக்கூட நான் பாக்கலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் கேக்கட்டுங்களா?”

“கேளுங்க.”

அவனுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவனையும்தான் இதுவரை யாரும் உருப்படியாக எதுவும் கேட்டதில்லை. எத்தனை ஏக்கர், எத்தனை கோழி, டவுனில் வீடு எடுப்பீர்களா, அவ்வளவுதான். கொஞ்சம் யோசித்து, “உங்களுக்கு எது பயமா இருக்குதுங்க, இந்தக் கல்யாணத்துல?” என்றான்.

சௌந்தர்யா அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டியிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

“அம்மாவுக்கு நான் ஒரே புள்ளைங்க. அப்பா போனதுல இருந்து ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு, கதவு சாத்தியிருக்குதான்னு பாப்பாங்க. நான் போயிட்டா யாரு இருக்கறா? எங்கூட வந்து இருக்கட்டும்னு கேக்கோணும்னு ஆசை. ஆனா மருமவன் ஊட்ல போயி மாமியா உக்காந்தா ஊரு சிரிக்கும், அதைக் கேட்டா எவன் உன்னையக் கட்டுவான், வாயே தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மாவே சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப உங்ககிட்டத்தான் சொல்லீட்டேன்.”

“கூட்டீட்டு வந்துருங்க,” என்றான் கதிர்வேல்.

“என்னங்க?”

“எங்கூட்ல ரெண்டு ரூமு சும்மாதானுங்க கெடக்குது. எங்கம்மாவுக்கும் பேச ஆளில்ல. என்கிட்டப் பேசிப் பேசி நானே காதுல பஞ்சு வெச்சுக்கற மாதிரி ஆயிப்போச்சு.”

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அதோடு சிரிப்பும் இருந்தது. கதிர்வேலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்ல? அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் தன் சட்டையில் என்ன வாசம் அடிக்கிறது என்பதை மறந்திருந்தான்.

மாடியின் கோடியில் கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே ஊதா விளக்கு. சாதாரண வெளிச்சத்தில் அழுக்குச் செங்கல் துண்டுபோல் இருக்கும் குருந்தக்கல் அந்த விளக்கில் நெருப்புக் கங்குபோல் சிவந்து தெரியும். இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். “நம்ம காட்டுல கெடக்கற கல்லா இது!” என்று வியந்தாள் சௌந்தர்யா. பிறகு, சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் அடுத்ததை நினைக்கிற மாதிரி, “அம்மா அவசரப்படுவாங்க. வைகாசியில குலக்கோயில் கும்பாபிஷேகம் வருது, அதுக்கு முன்னால பேசி முடிச்சரோணும்னு நிக்கறாங்க,” என்றாள்.

“எங்க கோயிலுக்கும் வைகாசியிலதானுங்க,” என்றான் கதிர்வேல் உற்சாகமாக. “உங்க கோயில் எங்கீங்க?”

அவள் ஊரைச் சொன்னாள். “ஏரிக்கரை மேல, கெழக்க பாத்த அம்மன். காடை கூட்டத்துக் கோயிலுங்க.”

அது கதிர்வேல் வீட்டுக் குலக்கோயிலும்தான்.

கூட்டம் என்பது அப்பன் வழியில் வருகிற வேர். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராவிட்டாலும், பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்து போயிருந்தாலும் பங்காளிகள். பங்காளி மகள் தங்கை. அதற்கு மேல் அதில் பேச்சுக்கே இடமில்லை. ஜாதகத்தை விரிக்கும் முன்பே தரகர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். தரகர் கேட்டிருப்பார் என்கிற தைரியத்தில்தான் வெளியே இரண்டு அம்மாக்களும் அதை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். “நீங்களும் காடையா?” என்றாள் மெதுவாக.

“ஆமாங்க.”

“அதெப்படிங்க? தரகர் உங்களை வேற கூட்டம்னு சொன்னாரே. நீங்க தமிழரசுதானுங்களே?”

“கதிர்வேலுங்க.”

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் இருவரும் நின்றார்கள். கதிர்வேலுக்கு அழுகை வந்தது. முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று அடக்கிக்கொண்டான். ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று ஊரெல்லாம் சொன்ன பொய் இன்றைக்குத்தான் நிஜமாக வந்து நின்றிருந்தது, அதுவும் வேண்டவே வேண்டாத இடத்தில். கோபப்படவும் யாருமில்லை. யார் மேல் கோபப்படுவது? அப்பன் மேலா, அவனுக்கு அப்பன் மேலா?

சௌந்தர்யா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கிப் பிடித்தாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

“வெளிய போலாமுங்ண்ணா,” என்றாள்.

அந்த ‘ண்ணா’வைச் சொல்ல அவளுக்கும் லேசாக இருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டாள். ஒரு தடவை சொன்னது சொன்னதுதான்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னபோது சென்னியம்மாளின் கை பூப் பொட்டலத்தின் மேல் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்தே விட்டிருப்பாள். மெஹ்ரீனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அவங்களும் நாமக்கல், அவங்களும் கோழிப்பண்ணை. நீங்க அதே நேரத்துக்கு வந்தீங்களா, நான் நீங்கதான்னு நெனச்சுட்டேன். அவங்க வண்டி பஞ்சராம்மா, வழியில நிக்குதாம். அல்லாவே, என்ன வேலை பண்ணிட்டேன்! மன்னிச்சுக்கங்க சார்.”

“நீ என்னம்மா பண்ணுவ,” என்றான் கதிர்வேல். நாமக்கல்லில் எந்தக் கல்லை விட்டெறிந்தாலும் கோழிப்பண்ணைக்காரன் மேல்தானே விழும்.

சென்னியம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “பொறப்படு சாமி. நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான். மோதரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அவர்கள் படியருகே போகும்போது கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு கனத்த குரல் கடையில் யாரையோ விசாரித்தது. முத்தாயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள்.

“ஏஞ்சாமி, ஒரு ஒதவி. என்ற கொழுந்தனாரு வாரேன்னு சொல்லீட்டுக் கடைசி நேரத்துல வரலீங்க. ஆம்பளையில்லாத ஊடுன்னு எளக்காரமாப் பேசுவாங்க. அந்தப் பையனோட மாமன் ஒரு மாதிரின்னு தரகரே சொன்னாரு. நீ பங்காளி ஊட்டுப் பையன். எனக்கு மகன் மொறை. கொஞ்ச நேரம் கூட உக்காந்துட்டுப் போறியா?”

“அதெல்லாம் எப்படீங்க,” என்றாள் சென்னியம்மாள் வெடுக்கென்று. மகனின் நெஞ்சு எந்தக் கதியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இவன் பார்த்துவிட்டு வந்த பெண்ணை இன்னொருவன் பார்ப்பதை இவனே பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமா? இது என்ன நியாயம்?

கதிர்வேல் சௌந்தர்யாவைப் பார்த்தான். அவள் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் நிமிர்ந்தே இருந்தவள், படியில் காலடிச் சத்தம் ஏற ஏற எல்லாப் பெண்களையும்போல் ஆகிவிட்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

“உக்காருங்கம்மா,” என்று தன் தாயிடம் சொல்லிவிட்டு, முத்தாயம்மாள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

மாமன் வேலுமணி முதலில் வந்தார். லாரி வைத்திருப்பவர். உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் தமிழரசு வந்தான். கதிர்வேல் அவனைப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. புதுச்சட்டையின் காலருக்கு அடியில் கம்பெனிக்காரன் குத்திய குண்டூசியை எடுக்க மறந்திருந்தான். அது குத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும், கழுத்தை நெளித்துக்கொண்டே உட்கார்ந்தான். காது மடல் சிவந்திருந்தது. சோபாவின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகத் தயாராக இருக்கிறவன் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்படி உட்காருவது கதிர்வேலுக்கு அத்துப்படி.

இருந்தாலும் பொறாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

“ஊட்டு ஆம்பளைங்க யாரு வந்திருக்கறீங்க?” என்றார் வேலுமணி.

“அண்ணன் வந்திருக்கறாருங்க,” என்றாள் சௌந்தர்யா, முத்தாயம்மாள் வாயைத் திறக்கும் முன்பே.

வேலுமணி கதிர்வேலை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு விசாரணை தொடங்கியது. வேலையை விட்டுவிடுவாளா, சமையல் தெரியுமா, கடைசியாக, “வயசும் முப்பத்தொண்ணு ஆச்சு. இத்தன நாளு ஏன் அமையல? ஏதாச்சும் கொறை உண்டுங்களா?”

முத்தாயம்மாள் முகம் வாடிப்போயிற்று. எத்தனை வீட்டில் கதிர்வேலிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் அவனால் பதில் சொல்ல முடிந்ததில்லை. தனக்காக வராத வார்த்தை தங்கைக்காக வந்தது.

“கொறை ஒண்ணுமில்லீங்க. நல்லவங்களுக்கு நேரமாகுமுங்க. உங்க பையனுக்கும் முப்பதுக்கு மேல ஆயிருக்குமுங்களே, நாங்க ஏதாச்சும் கேட்டமா?”

வேலுமணி இருமினார். தமிழரசு முதல் தடவையாகத் தலையைத் தூக்கிக் கதிர்வேலைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது.

“சரி, உங்க பக்கம் என்ன கேக்கோணுமோ கேளுங்க,” என்றார் வேலுமணி.

எல்லோரும் கதிர்வேலைப் பார்த்தார்கள். சௌந்தர்யாவும் பார்த்தாள். அவள் வாயைத் திறக்க முடியாது, சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். அந்த ஒன்றை அவளுக்காக இந்த உலகத்தில் கேட்க உரிமை உள்ளவன் இப்போது அவன் ஒருத்தன்தான். கேட்டால் இந்தச் சம்பந்தம் இங்கேயே முறிந்தாலும் முறியும். கேட்காமல் விட்டால் அவள் தாலி கட்டிக்கொண்டு போவாள், ராசிபுரத்தில் ஒருத்தி ராத்திரி எழுந்து எழுந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஒண்ணே ஒண்ணுங்க,” என்றான். “எங்க சின்னம்மாவுக்கு இவ ஒரே மக. கல்யாணத்துக்கப்பறம் அவங்களும் மக கூடவே வந்து இருக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமுங்களா?”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாமுங்க சாமி! அவன் சும்மா கேக்கறான்!” என்று முத்தாயம்மாள் பதறினாள்.

வேலுமணி சத்தம் போட்டுச் சிரித்தார். “அதென்னங்க இது? பொண்ணு குடுத்த ஊட்ல போயி யாராச்சும் குடியிருப்பாங்களா? நம்ம பக்கம் இல்லாத வழக்கம்.”

“நான் அவருகிட்டக் கேட்டேனுங்க,” என்றான் கதிர்வேல்.

தமிழரசு கழுத்தை நெளித்தான். அந்த நேரத்தில் கதிர்வேலின் மனசுக்குள் ஒரு மூலை, முடியாது என்று சொல்லடா, சொல்லித் தொலைடா என்று வேண்டிக்கொண்டது. சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஒரு மண்ணும் கிடைக்காது. அது அவனுக்கே தெரியும். ஆனாலும் அந்த மூலை வேண்டிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதை வெட்கத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மாமா, நீங்க கொஞ்சம் இருங்க,” என்றான் தமிழரசு. அவன் கதிர்வேலிடம் பேசவில்லை, முத்தாயம்மாளைப் பார்த்துப் பேசினான். “எங்கம்மா எறந்து ரெண்டு வருசமாச்சுங்க, தரகரு சொல்லாம உட்டிருப்பாரு. ஊட்ல நானும் அப்பாவுந்தான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவோம், ஒரு பேச்சு இருக்காது. நீங்க வந்தா எங்கூடு மறுபடியும் ஊடு மாதிரி இருக்குமுங்க. வழக்கம் இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க. ஆனா நான் கேட்டேன்னு கட்டாயத்துக்கு வரவேண்டாம். உங்களுக்குப் புடிச்சிருந்தா வாங்க.”

முத்தாயம்மாள் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். வேலுமணி டீயை எடுத்துக் குடித்தார்.

சௌந்தர்யா நிமிர்ந்து தமிழரசைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். அது எப்படிப்பட்ட பார்வை என்று கதிர்வேலுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்பு அது அவனுக்குக் கிடைத்ததுதான். நெஞ்சில் சுருக்கென்று வலித்தது. வலித்த இடத்திலேயே ஒரு நிம்மதியும் வந்து உட்கார்ந்தது. நல்லவன்தான் வந்திருக்கிறான். தான் சட்டென்று சொன்னதை இவன் யோசித்துச் சொல்லியிருக்கிறான், அந்தம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லியிருக்கிறான். தனக்கு அது தோன்றவில்லை.

சென்னியம்மாள் மகனின் முழங்கையைத் தொட்டாள். அவன் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தான். இருவரையும் கொஞ்சம் தனியே பேச விடவேண்டும், அதைப் பெண் வீட்டு ஆண்பிள்ளைதான் சொல்லவேண்டும். அங்கே அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எந்திரிங்க மாப்ள,” என்றான். “தங்கச்சி கூடப் போயி அந்தக் கல்லையெல்லாம் பாத்துட்டு வாங்க. அவசரமில்ல, நாங்க இங்கதான் இருக்கறோம்.”

எத்தனையோ வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, யாராவது ஒருத்தர் தன்னைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட மாட்டார்களா என்று அவன் காது ஏங்கிக் கிடந்த சொல் அது. அவன் வாயிலிருந்தே வந்தது. தடுமாறாமல், குரல் உடையாமல், அண்ணன்மார் சொல்கிற மாதிரியே வந்தது.

“சரிங்க மச்சான்,” என்று எழுந்தான் தமிழரசு.